கை எத்தனை தடவை நீண்டது? பாரிசவாதப் புனர்வாழ்வில் பயிற்சியின் செறிவு: கொழும்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாரிசவாதம் வந்து வீடு திரும்பியவரின் கிளினிக் அட்டையில் "பிசியோ, வாரம் இரண்டு" என்று எழுதப்பட்டிருக்கும். அந்த இரண்டு நாளிலும் அவருடைய பலவீனமான கை தானாக எத்தனை தடவை அசைந்தது என்பதை எந்த அட்டையிலும் காண முடியாது. மீட்சியைத் தீர்மானிக்கும் விடயங்களில் நம் கைக்கு எட்டியது அந்த எண்ணிக்கைதான். அதனால் இந்த ஆய்வு அதையே பின்தொடர்கிறது.

இங்கே வரும் நோயாளி தனியொரு மனிதர் அல்ல. இதே வகைப் பாதிப்புடன் வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுபவற்றைக் கொண்டு கற்பித்தலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அவருடைய அளவீடுகளும் மாதிரிக்கானவையே. ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லப்படும் ஆய்வுகளும் அவற்றின் எண்களும் வெளியான ஆய்வுகளுக்குரியவை.

ஆளும் பாதிப்பும்

56 வயது ஆண். வலக்கைப் பழக்கம். வீடு கொட்டாஞ்சேனையில் லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில். புறக்கோட்டை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார், நெருக்கடி நேரத்தில் துணியும் வெட்டி மடித்துக் கொடுப்பார். உயர் குருதியழுத்தத்துக்கு லொசார்டனும் அம்லோடிபினும், நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. பிரஷர் குளிசையை மட்டும் "தலை சுத்தேல்லத்தானே" என்று விட்டுவிட்டுப் போட்டிருக்கிறார்.

காலை 5.30க்கு எழும்பும்போது வலக்கை தூக்க முடியவில்லை. கையில் படுத்த மரமரப்பு என்று நினைத்து வீட்டார் 9 மணி வரை காத்திருந்தார்கள், அதன் பின்னரே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழைத்தார்கள். அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகக் கண்டது முந்தைய இரவு 10 மணிக்கு. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நான்கரை மணி நேரம் அந்தக் கணக்கில் எப்போதோ கடந்துவிட்டது. சிடி ஸ்கேனில் குருதிக்கசிவு இல்லை. மூளையின் இடப்பக்க ஆழத்தில், அசைவு நரம்பிழைகள் நெருங்கிச் செல்லும் உட்பட்டைப் பகுதியில், குருதி ஓட்டம் தடைப்பட்டிருந்தது. பாரிசவாதத் தீவிர அளவுகோலில் 9 புள்ளி. பேச்சு குழறியது, ஆனால் சொன்னதை விளங்கிக்கொண்டார், சரியான சொல்லை எடுத்தார். மொழி பாதிக்கப்படாதது பின்னால் பெரிய பலமாகியது. தன் தடவைகளைத் தானே எண்ணக்கூடியவருக்குப் பயிற்சியின் பாதி வேலை எளிதாகிவிடும்.

மூன்றாம் நாளில் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு நிமிடம்தான் எடுக்கும், இருந்தும் பலரின் குறிப்பேட்டில் அது இராது. பாதிக்கப்பட்ட தோளைப் பக்கவாட்டில் விலக்க முடிகிறதா, விரல்கள் தாமாக விரிகின்றனவா என்று பார்ப்பதுதான் அது. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 72 மணி நேரத்துக்குள் இந்த இரண்டையும் ஓரளவாவது செய்ய முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கையில் ஏதோ ஒரு திறன் திரும்பும் வாய்ப்பு 98% எனக் காணப்பட்டது. இரண்டுமே இல்லாதவர்களுக்கு அது 25%. இவருக்குத் தோள் சற்று விலகியது, விரல்கள் மிகக் கொஞ்சமாக விரிந்தன. அந்தக் கொஞ்சத்தை வைத்தே "இந்தக் கையில் உழைப்பைப் போடலாம்" என்று குடும்பத்துக்குச் சொல்ல முடிந்தது.

முதல் ஒன்பது நாள்

செறிவு நல்லது என்றவுடன் முதல் நாளே ஆளைத் தூக்கி நிறுத்தக் கூடாது. 2015இல் வெளியான அவேர்ட் ஆய்வில் 5 நாடுகளின் 56 வைத்தியசாலைகளில் 2104 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாக எழுப்பி நடமாட வைத்த பிரிவில் மூன்று மாதத்தில் நல்ல நிலையை அடைந்தோர் 46%, வழமையான பராமரிப்புப் பெற்றோரில் 50%. அதிகம் செய்தவர்களே சற்றுப் பின்தங்கினார்கள். அதே தரவுகளை 2016இல் இன்னொரு கோணத்தில் பிரித்துப் பார்த்தபோது, குறுகிய நேரமாகப் பல தடவை எழுப்புவது நன்மையோடும், ஒரே மூச்சில் நீண்ட நேரம் வைத்திருப்பது தீமையோடும் சேர்ந்திருந்தன. கைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 52 பேரைக் கொண்ட வெக்டர்ஸ் ஆய்வில் (2009) ஆரம்ப வாரங்களிலேயே நாளொன்றுக்கு 3 மணி நேரப் பயிற்சி கொடுத்து, நல்ல கையை விழித்திருக்கும் நேரத்தில் 90% மூடியும் வைத்த பிரிவு, 90ஆம் நாளில் குறைவாகப் பயின்ற பிரிவைவிடக் குறைந்த முன்னேற்றத்தையே காட்டியது.

எனவே இவரை இரண்டாம் நாள், 24 மணி நேரம் கழிந்த பிறகே, கட்டிலோரத்தில் இருத்தினார்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் படுத்த நிலையிலும் இருந்த நிலையிலும் பிரஷர் பார்த்தார்கள். மேல் எண் 20க்கு மேல் விழுந்தால் உடனே படுக்கவைக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு தடவை அப்படி விழுந்தது. அன்று பின்னேரப் பயிற்சியைக் கைவிட்டது சரியான முடிவு. நான்காம் நாள் நின்றார், ஆறாம் நாள் ஒருவர் பிடிக்க அடி எடுத்து வைத்தார்.

இந்த நாட்களில் நடக்கும் பெரிய சேதம் பயிற்சியால் வருவதில்லை, தூக்கி இருத்தும் முறையால் வருகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர் பாசத்தோடு கக்கத்துக்குள் கை கொடுத்து இழுப்பார். தசைப்பிடிப்பு இல்லாத தோள்மூட்டு அந்த இழுவையைத் தாங்காது, பந்து குழியிலிருந்து கீழிறங்கும், சில வாரங்களில் வலி தொடங்கும். வலிக்கும் தோளோடு முந்நூறு தடவை கையை நீட்ட யாராலும் முடியாது. தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் பிடித்துத் தூக்குவதையும், படுக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை வைப்பதையும் மனைவிக்கும் மகளுக்கும் தாதி செய்து காட்டி, அவர்களைத் திருப்பிச் செய்ய வைத்தார்.

ஒன்பதாம் நாள் வீடு. ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் தங்கிப் பயிற்சி பெறும் வழியும் பேசப்பட்டது, குடும்பம் வீட்டையே தெரிவு செய்தது. அப்போது மேல்கையின் அசைவுத் திறனை அளக்கும் ஃபியூக்ல்-மயர் அளவு 66க்கு 18. பேர்க் சமநிலை அளவு 56க்கு 19.

அட்டையில் 45 நிமிடம்

இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை வாரம் இரண்டு நாள் வெளிநோயாளர் பிரிவு. நான்காம் வாரத்தில் ஓர் அமர்வை நிறுத்தற்கடிகாரம் வைத்து அளந்தால் இப்படித் தெரிகிறது: கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாறி, செருப்புக் கழற்றி, தயாராக 7 நிமிடம். சூட்டு ஒத்தடம் 10. தோளுக்குக் கரண்ட் (மின்தூண்டல்) 10. சிகிச்சையாளர் கையைப் பிடித்து மெல்ல நீட்டி மடக்கியது 8. நோயாளி தானாகக் கை அசைத்தது 6. நடை 4. தானாகக் கை நீட்டிய தடவைகள் 28. நடந்த அடிகள் 60க்குக் கொஞ்சம் மேல். இதயத் துடிப்பு ஒரு கட்டத்திலும் 88ஐத் தாண்டவில்லை.

இந்த எண்கள் கொழும்புக்கு மட்டும் உரியவை அல்ல. 2009இல் வட அமெரிக்காவின் ஏழு நிலையங்களில் 312 அமர்வுகளை அவதானித்தபோது, கைக்கான செயற்பயிற்சி ஓர் அமர்வில் சராசரியாக 32 தடவைதான் நடந்தது. நடை 357 அடி. விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றத்தைத் தூண்டப் பயன்பட்ட அளவு நாளொன்றுக்குப் பல நூறு தடவைகள். இரண்டுக்கும் இடையில் பத்து மடங்கு பள்ளம். ஒரே மணி நேரத்தில் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டிய இயன்மருத்துவரைக் குறை சொல்லி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

குடும்பத்தின் எதிர்பார்ப்பும் ஒரு காரணம். "இண்டைக்குக் கரண்ட் வைச்சவையோ?" என்பதுதான் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, கரண்ட் வைக்காத நாள் வீண்போன நாளாகத் தெரிகிறது. நோயாளி விரலை விரிக்க முயலும் அதே கணத்தில் தசையைத் தூண்டினால் மின்தூண்டல் பயிற்சிக்குத் துணையாகும். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது ஓடும் கரண்ட் அந்த வேலையைச் செய்வதில்லை. ஒத்தடமும் அப்படித்தான். இதமாக இருக்கும், நேரத்தைத் தின்றுவிடும்.

வீட்டிலோ வலக்கை முற்றாக ஓய்வில். சோற்றை இடக்கையால் எடுத்துச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை, கரண்டியும் பிடிக்கவில்லை, எனவே மனைவி ஊட்டினார். நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். ஆனால் நாளில் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் முப்பது நாற்பது தடவை கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை அப்படியே போய்விடுகிறது. பயன்படுத்தாத கையை மூளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடும்.

ஐந்தாம் வார முடிவில் ஃபியூக்ல்-மயர் 24. பொருள் எடுத்து வைக்கும் திறனை 57 புள்ளிக்கு அளக்கும் அராட் சோதனையில் 9. நடைவேகம் விநாடிக்கு 0.34 மீட்டர். 0.4க்குக் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டுமே நடமாட்டம், 0.8ஐத் தாண்டினால் வெளியே போய்வரலாம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. மனச்சோர்வு வினாத்தாளில் 14 வந்தது. வைத்தியர் மருந்து தொடங்கினார்.

ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

ஒரு மணி நேரத்தில் 300 தடவை சாத்தியமா? 2010இல் சிறிய குழுவொன்றில் செய்து பார்த்தபோது அமர்வுக்குச் சராசரி 322 வந்தது, நோயாளிகள் தாங்கினார்கள். எப்போது செய்வது? 2021இல் வெளியான சிபாஸ் ஆய்வில் 72 பேருக்கு, வழமையான சிகிச்சைக்கு மேலதிகமாக 20 மணி நேரக் கைப்பயிற்சி வெவ்வேறு காலங்களில் கொடுக்கப்பட்டது. 2 முதல் 3 மாதத்துக்குள் பெற்றவர்கள் அதிகம் முன்னேறினார்கள், முதல் 30 நாளுக்குள் பெற்றவர்களுக்கு நன்மை அதைவிடக் குறைவு, ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரித்தானிய தேசிய வழிகாட்டி முன்னர் சொன்ன 45 நிமிடத்தைக் கைவிட்டு, 2023 பதிப்பில் வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரம் என்று உயர்த்தியிருக்கிறது.

எதிர்த்திசைச் சான்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய பாரிசவாதம் உள்ளவர்களிடம் 3200, 6400, 9600 தடவைகள் என்று அளவை ஏற்றிப் பார்த்த 2016 ஆய்வில், அதிகம் செய்தவர்கள் அதிகம் முன்னேறவில்லை. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரோடு நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017) நமக்கு இன்னும் நெருக்கமானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் புனர்வாழ்வைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரில் தங்கியிருந்தோரும் அந்தப் பிரிவிலும், வழமையான பராமரிப்பு மட்டும் பெற்ற பிரிவிலும் 47%.

இதிலிருந்து "குடும்பத்தால் பயனில்லை" என்று முடிவெடுப்பது தவறு என்பது எமது கருத்து. ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு, கடினத்தைக் கூட்டிக் கொடுக்க ஆளில்லாமல் விட்டால் பயிற்சி அதே இடத்தில் நின்றுவிடும். தடவைகளை எண்ணுவதையும் நினைவூட்டுவதையும் குடும்பம் நன்றாகச் செய்யும். நாளை என்ன செய்வது, எதை நிறுத்துவது என்று தீர்மானிப்பது சிகிச்சையாளரின் வேலை. இந்தத் திட்டம் அந்தப் பிரிவினை மீதுதான் நிற்கிறது.

ஆறு வாரம்: கை

ஆறாம் வாரத் தொடக்கத்திலிருந்து பதினோராம் வார முடிவு வரை. வாரத்தில் மூன்று நாள் இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்தார், ஒரு நாள் கிளினிக், அங்கே ஒத்தடத்தையும் கரண்டையும் விட்டுவிட்டு அளவீட்டுக்கும் அடுத்த வாரத் திட்டத்துக்கும் நேரம் கேட்டுப் பெறப்பட்டது. இயன்மருத்துவர் வராத நாட்களில் மகள் நடத்தும் 150 தடவை. எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். பிரித்தானியர் சொல்லும் 3 மணிக்கு இது எட்டவில்லை, ஆனால் வாரத்துக்கு 12 நிமிடச் சொந்த அசைவிலிருந்து பார்த்தால் வேறு உலகம்.

ஓர் அமர்வு மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் 100 தடவை. 20 தடவைக்கு ஒரு சுற்று, சுற்றுகளுக்கு இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஓய்வையும் சேர்த்தே 60 நிமிடத்துக்குள் முடிக்க, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 9 விநாடி. "ஐயா, இன்னும் ஒரு சுத்து" என்று கேட்பதற்கு முன் மகள் கட்டம் போட்ட தாளில் கோடு போடுவார். 20இல் 17க்கு மேல் சரியாக வந்தால் அடுத்த சுற்றில் கடினத்தைக் கூட்டுவது, 10க்குக் கீழே போனால் குறைப்பது. இந்த ஒரு விதிதான் திட்டத்தின் உயிர். இது இல்லாத ஆயிரம் தடவையும் பழகிய அசைவின் திருப்பிச் சொல்லல்தான்.

முதல் வேலை, எடுத்து வைத்தல். மேசை முழங்கை உயரத்தில். வெறும் யோகட் கப்பை 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைப்பதில் தொடங்கி, தூரம் 45 வரை, பின்பு உள்ளே 100 கிராம் அரிசி, 200 கிராம், கடைசியில் நெஞ்சு உயரத் தட்டு. இரண்டாவது, ஒரு மீட்டர் துணியை விரித்து மடித்தல். இது அவருடைய தொழில், கை தானாகவே வேலையைத் தேடிப் போனது. மூன்றாவது சாப்பாடு. சோற்றைத் திரட்டி எடுக்கும் விரலசைவைப் பாற்சோற்றில் தொடங்க வேண்டும், அது திரண்டு நிற்கும், விரல் நழுவினாலும் உருண்டை உடையாது. அடுத்தது கறியோடு குழைத்த சோறு. புட்டு கடைசியில். உதிரும் புட்டைத் திரட்ட ஐந்து விரலும் ஒத்துழைக்க வேண்டும். திட்டத்தின் மூன்றாம் வாரத்திலிருந்து இதற்குத் தனி நேரம் தேவைப்படவில்லை, மதியச் சாப்பாட்டின் முதல் 15 கவளம் அவருடையது, மிச்சத்துக்கு மனைவி உதவலாம் என்று ஒப்பந்தம்.

முதல் வாரத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடும் பிழை, கை நீட்டாமல் உடம்பைச் சாய்த்துக் கப்பை எட்டுவது. கப் எடுக்கப்பட்டுவிடும், தாளில் கோடும் விழும், முழங்கை நீண்டிருக்காது. மடித்த சாரம் ஒன்றை நெஞ்சுக்குக் குறுக்கே கதிரையின் முதுகோடு மூச்சு முட்டாமல் கட்டியதும் எண்ணிக்கை பாதியாக விழுந்தது. அந்தப் பாதிதான் உண்மையான எண்ணிக்கை. தோளைக் காதுவரை தூக்கி நீட்டுவதும் இதே வகை. அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி போதும்.

பாரிசவாதம் வந்த ஒன்பதாம் வாரத்தில் மணிக்கட்டை 20 பாகையும் விரல்களை 10 பாகையும் பின்னால் விரிக்க முடிந்தது. நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு இதுவே நுழைவு அளவு. 222 பேரோடு 2006இல் வெளியான எக்சைட் ஆய்வில், 3 முதல் 9 மாதம் கடந்தவர்களுக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90%, நல்ல கை உறைக்குள் இருந்தது. வீட்டில் அதை அப்படியே செய்வது கடினம். இவருக்கு இடக்கையில் தடித்த காலுறை, நாளுக்கு 3 மணி நேரம், உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு மட்டும். மாடிப்படி, குளியலறை, அடுப்படி ஆகிய மூன்று இடத்துக்கும் போகுமுன் கழற்ற வேண்டும். விழும்போது பிடிக்கப்போவது அந்தக் கைதான்.

ஆறு வாரம்: நடை

நடையில் செறிவைச் சொல்வது இதயத் துடிப்பு. 220இலிருந்து வயதைக் கழித்தால் 164. அதில் 70 முதல் 85 சதவீதம், அதாவது 115 முதல் 139 வரை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவருக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அப்போது 6 முதல் 20 வரையான போர்க் முயற்சி அளவில் 14க்கும் 17க்கும் இடையில், "கஷ்டம், ஆனால் ஒன்றிரண்டு சொல் கதைக்கலாம்" என்ற நிலையில் வைத்திருக்க வேண்டும். தொடங்குமுன் வைத்தியர் ஈசிஜி பார்த்து அனுமதித்தார். ஓய்வில் பிரஷரின் மேல் எண் 180க்கோ கீழ் எண் 110க்கோ மேலிருந்தால் அன்று பயிற்சி இல்லை.

மாடி நடைவழி 14 மீட்டர். தொடக்கத்தில் ஒரு தடவை போக 34 அடி. கைபேசியின் அடி எண்ணி மெதுவான நடையில் பாதியைத் தவறவிடும், சுற்றை எண்ணிப் பெருக்குவதே நம்பகமானது. முதல் வாரம் அமர்வுக்கு 450 அடி, ஆறாம் வாரம் 2100. வேகத்தை மாற்றுவது, தரையில் வைத்த செங்கலைத் தாண்டுவது, பக்கவாட்டில் நடப்பது, பிறகு மாடிப்படி. இடுப்பில் அகலத் துணிப்பட்டி, பிடிப்பவர் பலவீனமான பக்கம், அரை அடி பின்னால். றப்பர் செருப்பு கூடவே கூடாது, பாதம் தொங்கும் காலிலிருந்து அது நழுவி விழுத்திவிடும். குதிக்குப் பட்டி உள்ள சப்பாத்தும் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் அணையும் பயன்பட்டன. வேகம் கூட்டியபோது முழங்கால் பின்னோக்கி வெட்டியது. அது தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, குதிக்குக் கீழே சிறு உயரம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அப்படியே விட்டால் மூட்டு நோகத் தொடங்கும்.

நேரம் காலை 6.30க்கும் 8க்கும் இடையில். கொழும்பின் புழுக்கத்தில் பத்து மணிக்கு மேல் அதே அடிகளுக்குத் துடிப்பு சும்மாவே ஏறிவிடும், கால் உழைக்குமுன் ஆள் களைத்துவிடுவார்.

இடறிய இடங்கள்

கையின் வாராந்த எண்ணிக்கை: 620, 980, 1340, 710, 1290, 1460. மொத்தம் 6400. நான்காம் வாரத்துச் சரிவுக்குக் காரணம் தோள்வலி. நெஞ்சு உயரத் தட்டுக்குப் போனதும் தொடங்கியது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. இந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு, பல்லைக் கடித்துத் தொடர்வதும் தவறு. தோள் உயர வேலைகளை எடுத்துவிட்டு, முன்கையை மேசையில் தாங்கியபடி விரலுக்கும் மணிக்கட்டுக்கும் மட்டும் வேலை கொடுத்தார்கள். வலி 10க்கு 6இலிருந்து 2க்கு இறங்கிய பிறகே தட்டு திரும்ப வந்தது, இந்த முறை நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே.

திட்டத்தின் இரண்டாம் வாரத்தில் நடையின் நடுவே வியர்த்துக் கை நடுங்கியது. களைப்பு என்று நினைக்கத் தோன்றும். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 62. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்த்தார்கள். ஒருவர் வாரக்கணக்கில் கட்டிலில் இருந்தபோது சரியாக இருந்த கிளிக்லசைடு அளவு, நாளுக்கு நூற்றுக்கணக்கில் அடி எடுத்து வைக்கும்போது அதிகமாகிவிடும். வைத்தியர் அளவைக் குறைத்தார். அதன்பின் ஒவ்வொரு நடைக்கு முன்னும் பரிசோதனை, 100க்குக் கீழே இருந்தால் முதலில் சிறு உணவு. செறிவான பயிற்சியைத் தொடங்கும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளியின் வைத்தியருக்கும் முதல் நாளே ஒரு துண்டு எழுதி அனுப்புவது இதைத் தவிர்க்கும்.

அளவீடும் அதை வாசிக்கும் விதமும்

பன்னிரண்டாம் வாரத்தில் ஃபியூக்ல்-மயர் 24இலிருந்து 43. அராட் 9இலிருந்து 31. ஆரம்ப மாதங்களில் வலக்கைப் பழக்கமுள்ளவரின் வலக்கையில் 12 புள்ளி ஏறினால் அவரே மாற்றத்தை உணர்வார் என்பது கணிப்பு, இங்கே 22. நடைவேகம் 0.34இலிருந்து 0.81. இதில் 0.16 ஏறினாலே பொருளுள்ள மாற்றமாக எடுத்துக்கொள்ளப்படும். பேர்க் 47. மனச்சோர்வு 6. குழைத்த சோற்றைத் தானே சாப்பிடுகிறார், சட்டைப் பொத்தான் போடுகிறார், எண்களை மெதுவாக எழுதுகிறார்.

இவ்வளவும் செறிவின் பலனா? இப்படி ஒரு பதிவைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவும் மீள்கிறது, சும்மா இருந்திருந்தாலும் சில புள்ளிகள் ஏறியிருக்கும். இயற்கை மீட்சி முதல் வாரங்களில் செங்குத்தாக ஏறிப் பின்பு தட்டையாகும். இவருடைய கோடு நேர்மாறாக முதலில் தட்டையாகவும், திட்டம் தொடங்கிய பின் செங்குத்தாகவும் இருக்கிறது. அது பயிற்சியின் பக்கம் கைகாட்டுகிறது. அதே வாரங்களில்தான் மனச்சோர்வு மருந்தும் வேலை செய்யத் தொடங்கியது, ஊட்டுவதும் குறைந்தது. இந்த மூன்றையும் ஒருவரை வைத்துப் பிரிக்க இயலாது. மூன்றாம் நாள் விரல் அசையாத ஒருவருக்கு இதே 6400 தடவை இதே கையைத் தராது என்பதையும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே தோளைக் காப்பதும், விரல்கள் மடிந்து இறுகாமல் பார்ப்பதும், ஒற்றைக் கையால் வேலைகளைப் பழக்குவதும் முதல் இடத்துக்கு வரும், நடைப் பயிற்சியின் செறிவு மட்டும் குறையத் தேவையில்லை.

அடுத்த கட்டம்

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் இயன்மருத்துவர் வாரம் ஒரு நாளாகக் குறைகிறார். மகளின் 150 தடவை வாரம் நான்கு நாள் தொடர்கிறது. கடைக்கு அரைநாள் போவது அடுத்த இலக்கு. அங்கே கணக்கு எழுதுவதற்குத் தடையில்லை, துணிச் சுருளைத் தட்டிலிருந்து இறக்குவது இன்னும் முடியாது. பெருவிரலைச் சுண்டுவிரலோடு சேர்ப்பதும் வரவில்லை, எனவே புட்டு இன்னும் உதிர்கிறது. பயிற்சியின் பெரும்பகுதி இப்போது அந்தப் பெருவிரலுக்கு: நாணயத்தை மேசையிலிருந்து பொறுக்குவது, சாவியைத் திருப்புவது, போத்தல் மூடி.

ஆறாம் மாதத்தில் அராட்டும் நடைவேகமும் மீண்டும் அளக்கப்படும். அராட் 31இலிருந்து ஆறு புள்ளியாவது ஏறாவிட்டால் தடவைகளைக் கூட்டுவதில்லை, அந்தக் கட்டத்தில் எண்ணிக்கை மட்டும் உதவும் என்பதற்குச் சான்று பலவீனமானது. வேலைகளை மாற்றி, கடினத்தின் படிகளைப் புதிதாக வரைய வேண்டும். கிளினிக் அட்டையில் "பிசியோ, வாரம் ஒன்று" என்ற வரிக்குக் கீழே மகள் தன் கையெழுத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: கை, இந்த வாரம். அடி, இந்த வாரம். ஒவ்வொரு முறையும் அவற்றை நிரப்பிக்கொண்டே கிளினிக்குக்கு வருகிறார்கள்.